ஷெல்பர்னில் ஷூவைக் கழற்றியது

இந்தப் பயணத்தில் இது ஒன்பதாவது கோயில்.
ஹாலிஃபாக்ஸில் மகன் வீட்டிலிருந்து
நோட்டுப் புத்தகமும் இரண்டு வாழைப்பழமுமாய்
வேனில் இடம் பிடித்து வந்தேன்.

மரத்தால் கட்டிய கோயில். வெள்ளைப் பூச்சு
கடற்காற்றில் செதில் செதிலாய் உரிந்து
நொறுங்கிய அப்பளம்போல் படியெங்கும் கிடக்கிறது.
வாசலில் ஷூவைக் கழற்றினேன்.
யாரும் சொல்லவில்லை. கால் தானே கழற்றியது.
அக்டோபர். காலுறை வழியே பலகையின் குளிர்
கெண்டைக்கால் வரை ஏறிற்று.

ஹெட்டா ஜிங்க் என்று சட்டையில் பெயர் குத்திய அம்மாள்
(நம்மூரில் கோயில்குட்டி என்போம்,
இங்கே தன்னார்வலர், எழுபத்தாறு வயசு)
என் காலைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.
தூணைத் தட்டிக் காட்டினாள்: கப்பலின் பாய்மரம்.
கூரையைக் காட்டினாள்: கவிழ்த்த படகு.
சுவரில் மூழ்கியவர்களின் பெயர்கள்.
ஒரே வீட்டில் நாலு பேர், ஒரே தேதி.

பிறகு இருக்கைகள்.
ஒவ்வொன்றுக்கும் கதவு, கதவுக்கு எண்.
முப்பத்தோரு வருஷம் தபால் பிரித்தவள் நான்,
"வாடகைத் தபால் பெட்டி மாதிரி இருக்கிறதே" என்றேன்.
"அதேதான்" என்று சிரித்தாள். "வருஷ வாடகை.
முன்வரிசைக்கு விலை கூடுதல்."
சிரித்த வாயோடு அண்ணாந்து பார்த்தவள்
வாயை மூடிக்கொண்டாள்.
மேலே ஒரு மாடம்.
"அங்கே?"
"வேலைக்காரர்கள். கறுப்பின மக்கள்.
விடுதலைச் சீட்டு கையில் வைத்திருந்தவர்கள்தான்.
இருந்தாலும் அங்கே."

அந்த 'இருந்தாலும்' எனக்குத் தெரியும்.
ஒரே அப்பம், ஒரே கிண்ணம்,
இருந்தாலும்.

ஏணி மாதிரிப் படி. ஏறினேன்.
சாய்மானம் இல்லாத பலகை.
உட்கார்ந்தால் பலிபீடம் தெரியவில்லை,
பிரசங்கியாரின் உச்சந்தலை தெரிந்திருக்கலாம்.
பக்கத்துச் சன்னலில் கடல்.
கீழே வாடகை கொடுத்த எவருக்கும்
கிடைக்காத அளவு கடல்.
பலகையின் அடியை விரலால் தடவினால் கோடுகள்,
ஆணியால் கிழித்தவை, ஐந்தைந்தாய்.
ஞாயிறுகளை எண்ணினார்களா
பிரசங்கத்தின் நிமிஷங்களையா,
தெரியாது.

எங்கள் கோயிலில் மாடம் கிடையாது.
கல்லறைத் தோட்டத்தில்தான் ஒரு சுவர்.
இடுப்பளவு. ஆடு தாண்டும்.
நவம்பரில் மெழுகுவத்தி வெளிச்சம் தாண்டும்.
சவப்பெட்டி மட்டும் சுற்றிக்கொண்டு
வேறு வாசலால் போகும்.
அப்பா இந்தப் பக்கம், வெள்ளையடித்த சிலுவையோடு.
அந்தப் பக்கம் யார் யார் என்று
மூன்று தெரு விலாசம் மனப்பாடமாய் இருந்த எனக்கு
ஒரு பெயரும் தெரியாது.

ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினேன்.
'ஆண்டவரே' வரைதான் வந்தது.

இறங்கி வந்தால் ஷூவைக் காணோம்.
சனிக்கிழமை பழம்பொருள் விற்பனைக்கு
ஊரார் கொண்டுவருவதை வாசலில்தான் வைப்பார்களாம்.
பின்கூடத்து மேசையில்
தேநீர்க் கோப்பைகளுக்கும் ஒற்றைக் கைப் பொம்மைக்கும் நடுவே
கயிறு இரண்டும் முடிச்சிட்டு
என் ஷூ. இரண்டு டாலர்.

ஹெட்டாவின் முகம் காது வரை சிவந்துவிட்டது.
எடுத்துக்கொள்ளுங்கள், எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள்.
அறுப்பின் பண்டிகையில் நாம் கொடுத்த சேவலை
நாமே ஏலத்தில் எடுப்பதில்லையா?
ஐந்து டாலருக்குக் கேட்டேன்.
எதிர்த்துக் கேட்க ஆளில்லை.

விருந்தினர் ஏட்டில் பெயர், ஊர், குறிப்பு.
குறிப்பில், 'மேலேயிருந்து கடல் தெரிகிறது.'
வேறு எழுத இடமிருந்தது. எழுதவில்லை.

வேனில் கால்மேல் கால் போட்டபோது
அடியில் விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருக்கிறது.
பக்கத்து இருக்கைக்காரர் பார்த்தார்.
உரிக்காமல் இருந்தேன்.
வெள்ளையடிக்கப் பணம் அனுப்புமுன்
சேகரச் செயலர் தேவசித்தத்தைக் கேட்க வேண்டும்,
அந்த வேறு வாசலின் சாவி
யாரிடம் இருக்கிறது என்று.