எட்டுப் பேர்ச்

அப்பாவின் பெயர் சன்னாசி.
"சந்நியாசிக்கு எதுக்கு சொத்து" என்று
சட்டத்தரணி இரத்தினசிங்கம் முதல் நாள் சிரித்தார்.
முப்பத்தைந்தாயிரம் வாங்கிய பிறகும்
அதே பகிடியைச் சொன்னார்.

அடையாள அட்டையில் சன்னாசி.
சேமலாப நிதிப் புத்தகத்தில் சின்னாசி.
காணி உறுதியில், சிங்களத்தில், சன்னஸி.
மரணச் சான்றிதழில் மட்டும்
தகப்பன் பெயரும் சேர்ந்து முழு ஆளாக இருந்தார்.
நாலு பேரும் ஒருவரே என்று
ஒரு சத்தியக் கடதாசி. அதற்குத் தனிக் காசு.

சொத்து என்றால்
பண்டாரவளையில், லியங்கஹவெல பாதையோரம்
எட்டுப் பேர்ச் நிலம், அதில் ஒரு மிளகாய் மில்.
கோப்பைத் திறந்ததும் நீதிமன்றக் கிளாக்கர்
ஏழு தரம் தும்மினார்.

மரணசாதனத்தில் மில் எனக்கு.
பின்னறை அம்மாவுக்கு, உயிர் இருக்கும் வரை.
துரைராசுக்கு லொறி வாங்கிக் கொடுத்தாயிற்று,
புவனேந்திரனைக் கட்டாருக்கு அனுப்பியாயிற்று,
ஆகவே ஒன்றும் இல்லை
என்று பச்சை மையில் எழுதியிருந்தது.

நொத்தாரிசு இல்லாத இடத்தில் ஐந்து சாட்சி வேண்டும்.
ஒருவர் செத்துப்போனார்.
ஒருவர் குவைத்தில்.
ஒருவர் அண்ணனின் மச்சான், அவருக்கு எதுவுமே ஞாபகமில்லை.
நிஸ்தார் காக்கா ஆமாம் என்றார்.
பியசேன மட்டும் உண்மையைச் சொன்னார்:
நான் கையெழுத்து வைத்தேன்,
அவர் வைத்ததைப் பார்க்கவில்லை,
மில் ஓடிக்கொண்டிருந்தது,
கண்ணைத் திறக்க முடியவில்லை.

கள்ளச் சாதனம் என்று அண்ணன் கத்தினான்.
வராந்தாவில் கத்தினான், தேத்தண்ணிக் கடையில் கத்தினான்,
அப்பாவின் முப்பத்தோராம் நாளில்
வடையைக் கையில் வைத்துக்கொண்டு கத்தினான்.

மூன்றாம் தவணைக்கு முதல் வாரம்
கோத்தகிரியிலிருந்து ஒரு பதிவுத் தபால்.
வீரமலை, த/பெ சன்னாசி.
கூடவே ஒரு விவாகப் பதிவின் பிரதி,
மணமகள் பூவாயி.
கப்பல் ஏறிய கடதாசியில் கைப்பிள்ளை ஒன்று.
அவள் தகப்பனின் விண்ணப்பத்தில் அவள் பெயர்,
அப்பாவின் விண்ணப்பத்தில் அப்பா மட்டும்.
ஒப்பந்தம் அவளுக்கு அந்தக் கரையைக் கொடுத்தது,
இவருக்கு இந்தக் கரையை.

இரத்தினசிங்கம் கண்ணாடியைக் கழற்றினார்.
இந்த முறை பகிடி இல்லை.
"சாதனம் நின்றால் தங்கச்சிக்கு மில்.
விழுந்தால், முதல் கலியாணம்தான் கலியாணம்.
அப்ப நீங்க மூணு பேரும்..."
வாக்கியத்தை முடிக்காமல் இருமினார்.
மிளகாய்தான் என்று நாங்களும் நினைத்துக்கொண்டோம்.

அன்றிலிருந்து அண்ணனுக்கு
அப்பாவின் கையெழுத்து நன்றாகத் தெரிகிறது.
அந்த றன்னகரச் சுழியை
உலகத்தில் வேறு யாரும் போட முடியாதாம்.
மச்சானுக்கும் ஞாபகம் திரும்பிவிட்டது.

அம்மாவை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
வாங்கில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே
அவளாகச் சொன்னாள்:
"காணி வாங்குன காசு யாருதுன்னு
ஒருத்தரும் கேக்கலியே."

தலைமன்னாரில் பிடுங்கிக்கொள்வார்கள் என்று
பூவாயி கழற்றிக் கொடுத்த தோடு, அட்டியல்.
வச்சிருங்க, வந்து வாங்கிக்கிறேன் என்றாளாம்.
"நாந்தான் விக்கச் சொன்னேன்."

சட்டத்தரணி சுற்றுமுற்றும் பார்த்தார்.
"அதை இங்க சொல்ல வேணாம் அம்மா."
"வேற எங்க சொல்றது?"

அடுத்த தவணை மார்ச் பதினேழு.
மில் சுவரில்
அப்பா கரியால் எழுதிய கடன் வரிசைக்குக் கீழே
திகதியைக் குறித்தேன்.
அதற்கும் கீழே
பூவாயி, தோடு ஒரு சோடி
என்று எழுத இடம் இருந்தது.
கரியைக் கையில் வைத்திருந்தேன்.

வறுத்த மல்லியோடு ஒருத்தி வாசலில் நின்றாள்,
மழைக்கு முன்னே அரைத்துத் தரச்சொல்லி.
மோட்டரைப் போட்டேன்.