கத்திக்கு உறை

ஐம்பத்திரண்டு சோடிக் கத்திகள் என் முகப்பில் தொங்குகின்றன.
சாணை பிடிப்பவள் நான்.
சொல்கிறேன் கேளுங்கள்,
சவரிநாதனைக் கொன்றது அவற்றில் ஒன்றுமில்லை.

தீம்பாரை விற்ற பிறகு
ரப்பர்ப் புகைவீடு நின்ற இடத்தில் பேரங்காடி வந்தது,
அதன் கீழ்த்தளத்தில் பனி.
வெளியே செம்பனை லாரியின் டயர் தாரில் ஒட்டும் வெயில்;
உள்ளே ஸ்வெட்டர் போட்ட பிள்ளைகள்
ஒற்றைக்காலில் சுழலும்.
சுங்கை பாலையில் இது இப்போது அதிசயமில்லை.
தீமிதிக்குக்கூட
பயிற்சிக்கு விடுப்பு கிடைக்காது.

சனிக்கிழமை காலை ஐந்தரை.
விளக்கைப் போட்டேன்.
நடுப்பனியில் மல்லாந்து கிடந்தார் பயிற்றுநர்,
காலில் சறுக்குக் காலணி,
முகத்தில்
யாருக்கோ அரை மதிப்பெண் குறைக்கும் அதே பார்வை.

இன்ஸ்பெக்டர் ரோஸ்டி வந்தார்.
என் பசியாறல் கறிபாப்பில் இரண்டைத் தின்றார்.
வழுக்கி விழுந்தார், பின்மண்டை, என்று எழுதினார்.
எழுதட்டும் என்று நின்றேன்.
பொறுக்கவில்லை.
"துவான், கத்தியில் உறை இருக்கிறது."

உறையோடு பனியில் இறங்குவது
குடை விரித்துக்கொண்டு குளிப்பது மாதிரி.
எந்தச் சறுக்காளனும் செய்யமாட்டான்.
உறை மாட்டும் இடம் பெஞ்சு.
மாட்டும் கை
நாடாவை இறுக்கி, முடிச்சை உள்ளே செருகி,
உறையை அழுத்தி,
முழங்காலில் ஒரு தட்டுத் தட்டி
"போ" என்று அனுப்பும் கை.
ஓர் அம்மாவின் கை.

தே தாரிக் ஆறுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.
ஐந்து அம்மாக்கள்.
"கோலாலம்பூர்ப் போட்டிக்கு உங்கள் மகள்தான்,
மூச்சு விடாதீர்கள்" என்று
ஐந்து பேரிடமும் ஆளுக்கு எண்ணூறு வெள்ளி
வாங்கியிருந்தார் மனுஷன்.
பதிந்த பெயர் ஒன்றுகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தைத் திறக்கச் சொன்னேன்.
அஞ்சலி என்று பேர்.
பிள்ளைகள் ஒரு சுற்று, மௌனமாக.
அம்மாக்கள் குனிந்து நாடா கட்டினார்கள்.

ரெஜினாமேரி அழுதுகொண்டே உறையை மாட்டினாள்.
மேய் லிங் போனில் பேசிக்கொண்டே மாட்டினாள்.
ஃபரீடா மாட்டிவிட்டு,
நினைவு வந்து, நாக்கைக் கடித்தாள்.
தனபாக்கியம் மாட்டியதை மறந்து
பைக்குள் மறுபடி தேடினாள்.

வசந்தகோகிலத்தின் கை பைக்குள் போனது,
தொட்டது,
வெறுங்கையாக வெளியே வந்தது.

காலைத் தூக்கிக் காட்டினாள் லோஷினி.
"அம்மா, உறை?"

செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி அவள்.
லாரிகளை நிறுத்து நிறுத்துக் கண் பூத்தவள்.
கூட்டு எடுத்துக் கட்டிய எண்ணூறு.
"மாடிப்படியில நின்னு காசக் கேட்டேன்கா.
சிரிச்சாரு.
தள்ளணும்னு தள்ளல."
அப்புறம் எப்படி அத்தனை தூரம் இழுத்தாய் என்றேன்.
நெடுநேரம் பனியையே பார்த்தாள்.
"கனமே தெரியலக்கா."

போகுமுன் குனிந்து
இரண்டு உறையையும் மாட்டினாள்.
முழங்காலில் தட்டினாள்.
"போ" மட்டும் வரவில்லை.
ரோஸ்டி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்,
அன்று கறிபாப்பைத் தொடவில்லை.

ஊர் என்னைக் கெட்டிக்காரி என்கிறது.
கடைத்தெருவில் மீன்காரன் ஐம்பது காசு குறைக்கிறான்.
எனக்கானால்
அந்தச் சனிக்கிழமை மூன்றாவது கறிபாப்பையும் நீட்டியிருந்தால்
ரோஸ்டி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பார் என்று
ராத்திரியில் ஒரு கணக்கு ஓடுகிறது.

செவ்வாய்தோறும் பாட்டியகத்திலிருந்து லோஷினி வருகிறாள்,
பெரியப்பா பைக்கில்.
அவளுக்கு நாடா கட்டுவது இப்போது நான்.
கட்டி முடித்ததும்
ஒன்றும் சொல்லாமல் அவிழ்க்கிறாள்,
தன் கையாலேயே இறுக்கி
முடிச்சை உள்ளே செருகுகிறாள்.
உறையை மட்டும்
என்னிடம் நீட்டுகிறாள்.