இருபது காசு அளவு

பதினோராம் மாடியிலிருந்து கீழே இறங்கி வருவேன்.
அதுதான் எங்கள் முறை.
மின்தூக்கியில் சிவப்புத் தாள்:
இந்த வட்டாரத்தில் பதினேழு பேருக்கு டெங்கி.
எண்ணைப் பாதி மறைத்தபடி
துணைப்பாட ஆசிரியர் ஒருவரின் விளம்பரம்.

கையில் டார்ச். இடுப்புப் பையில் சொட்டுக்குழாய்.
தாழ்வாரத்தில் சைக்கிள் ஓட்டும் பையன் கேட்கிறான்,
"கொசு பிடிக்கவா வந்தீங்க?"
இல்லடா, கொசுவாகப் போவதை.

மடம் கோ வீட்டுத் தொட்டித் தட்டில் காய்ந்த மண்.
புவான் சல்மா நான் கேட்கும் முன்பே
மூங்கில் கழி செருகும் குழாய்கள் மூடியிருப்பதைக் காட்டுகிறார்.
இன்னொரு கதவுக்குப் பின்னால் நாய் மட்டும்.
கம்பிக்கதவில் அறிவிப்பைச் செருகிவிட்டு நடந்தேன்.

எட்டாம் மாடி, ஓர வீடு. கோதண்டபாணி.
மதியப் பணிக்குப் போக
பேருந்து ஓட்டுநர் சீருடையைப் பாதி மாட்டியிருந்தார்.
குளியலறை, சமையலறை, துணி காயும் இடம்,
எங்கும் ஈரமில்லை.
ஒருவர் மட்டும் வாழும் வீட்டுக்கு
இத்தனை சுத்தம் எதற்கு என்று தோன்றியது.

வரவேற்பறை ஜன்னலில் ஹார்லிக்ஸ் பாட்டில்.
அதில் மணிபிளான்ட்.
"அதத் தொடாதீங்கம்மா."
டார்ச்சை நான் ஏற்கெனவே அடித்திருந்தேன்.

வெளிச்சத்தில்
தலைகீழாய்த் தொங்கி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன
ஒன்பது பத்துக் காற்புள்ளிகள்.
பாட்டிலைத் தட்டியதும்
நெளிந்து நெளிந்து அடிக்குப் போயின.

"எம் பொண்டாட்டி ஊத்துன தண்ணி.
வாரம் மூணு நாள் டயாலிசிஸ்.
அன்னைக்கும் போனா.
கொறைஞ்சா நான் மேல ஊத்துவேன்.
பழசக் கொட்டுனதில்ல.
அடியில அவ ஊத்துனது இருக்கும்ல?"

இருபது காசு அளவு தண்ணீர் போதும், கொசு பெருகும்;
இருநூறு வெள்ளி அபராதம்;
இதையெல்லாம் நான்கு மொழியிலும் சொல்வேன்.
இதற்குப் பதில்
ஒரு மொழியிலும் இல்லை.

பக்கத்து வீட்டுப் பிள்ளை
மூன்று நாளாக மருத்துவமனையில்.
என் பட்டியலில் இருக்கிறது அந்த வீட்டு எண்.
அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.
சொல்லவில்லை.

மாதிரி எடுத்தாக வேண்டும்.
உறிஞ்சிக் குப்பியில் விட்டு மூடினேன்.
சீட்டில் தேதி, மாடி, கதவு எண்,
கொள்கலன்: கண்ணாடிப் பாட்டில்.
வேறு பெயர் எழுத அதில் இடமில்லை.

"அந்தக் குப்பி திரும்பக் கெடைக்குமா?"
"கிடைக்காதுண்ணே. கடிதம்தான் வரும்."

மீதியை அவரே தூக்கிக்கொண்டு வெளியே போனார்.
தாழ்வாரத்துக் கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றினார்,
மெதுவாக, ஒரு பக்கமாகச் சாய்த்து,
ஒரு சொட்டும் மண்ணுக்கு வெளியே போகாமல்.
மண்ணில் புழு பிழைக்காது.

"பாட்டிலோட உள் விளிம்பத் தேய்ச்சுக் கழுவுங்க.
முட்டை ஒட்டிக்கிட்டிருக்கும்.
காஞ்சாலும் சாகாது. மாசக்கணக்கா
தண்ணிக்காகக் காத்துக்கிட்டிருக்கும்."

"காத்துக்கிட்டிருக்குமா" என்றார்.
கேள்வியாக இல்லை.

பச்சை நார் எடுத்துத் தேய்த்தார்.
விளிம்பை, கழுத்தை, மறுபடி விளிம்பை.
மணிபிளான்ட் வேர்கள் ஒரு சாப்பாட்டுத் தட்டில்
வெள்ளையாய்ப் படுத்திருந்தன.
அவற்றையும் குழாயடியில் பிடித்து
ஒவ்வொன்றாக விரலால் நீவினார்.
பணிக்கு நேரமாகிவிட்டதென்று சொல்ல நினைத்தேன்.

ஏழாம் மாடிப் படியிலும் கேட்டது
அந்தக் குழாய்ச் சத்தம்.
மணி அடித்தேன்.
"வணக்கம், உங்க வீட்டுல
தண்ணி எங்கேயாவது தேங்கி..."