புவித்தொடுப்பு

கொள்ளுப்பிட்டி, நாலாம் மாடி.
மைக்கில் உதடு பட்டதும் சுள்ளென்றது.
"எர்த் இல்ல, நங்கி. செருப்பு போட்டுப் பாடு,"
என்றான் பிரபோத,
ஆணி கழன்ற சிம்பலைச்
சப்பாத்து நாடாவால் கட்டியபடி.

வெறுங்காலோடு பாடுவேன் என்று
போஸ்டரில் போட்டிருந்தோம்.
போஸ்டர் என்றால் நஸ்மீரின் போனில் ஒரு படம்.
அச்சடிக்கக் காசில்லை.

இது ஐந்தாவது ஊர்.
திருகோணமலையில் கைதட்டினார்கள்,
மட்டக்களப்பில் சோறு தந்தார்கள்,
கண்டியில் மழை மட்டும் வந்தது.
நீர்கொழும்பில் ஒரு கலியாண வீட்டுக்காரர்
எங்களைச் சமையல் ஆட்கள் என்று நினைத்துப்
பின்வாசலைக் காட்டினார்.
அங்கேதான் வயிறு நிறையச் சாப்பிட்டோம்.

கொழும்பில் படுக்கை
வெள்ளவத்தையில், ஒரு டியூஷன் வகுப்பில்.
கரும்பலகையில் யாரோ அழிக்காமல் விட்ட மூன்று கோடு:
உயிர்க்கம்பி, நொதுமற்கம்பி, புவிக்கம்பி.
கடைசிக்கு வட்டம் போட்டு, 'மிக முக்கியம்.'
வாங்குகளை இரண்டிரண்டாய்ச் சேர்த்தோம்.
எனக்கு மூன்று,
பெண் என்பதற்காக இல்லை, கிற்றாரோடு படுப்பதால்.
விடிய முதல் றெயில்
கடலுக்கும் எங்கள் தலைக்கும் நடுவால் போகும்.
ஆறரைக்கு ஓ.எல். பிள்ளைகள் வருவார்கள்;
அதற்குள் நாங்கள்
இங்கே இல்லாதவர்கள் ஆகிவிட வேண்டும்.

நஸ்மீரின் கொப்பியில் கணக்கு:
பஸ், மூன்று பேர்.
ஆம்பிளிபயருக்கும் ஒரு டிக்கெட், கொண்டக்டர் விடவில்லை.
முதலாம் கம்பி, இரண்டு தரம் அறுந்தது.
மாலு பாண், ஆறு.
பொலிஸ், என்று எழுதி வெட்டிவிட்டுத்
தேத்தண்ணி, என்று எழுதியிருந்தான்.

இரவு எட்டரை.
பதினொரு பேர், அதில் நாலு பேர் வெயிட்டர்கள்.
முன்மேசையில் ஒருவருக்குப் பிறந்தநாள்.
"பைலா ஒன்று போடுங்களேன்."
எங்களிடம் பைலா இல்லை.
பிரபோத என்னை ஒருதரம் பார்த்தான்,
பிறகு என் பிரிவுப் பாட்டுக்கு
ஆறு-எட்டில் அடிக்கத் தொடங்கினான்.
துரோகி.
என் செத்துப்போன காதலுக்கு
கேக் கையோடு எழும்பி ஆடினார்கள்.
நானும் வேகத்தைக் குறைக்கவில்லை.

பேசியது பதினையாயிரம்.
முதலாளி எண்ணித் தந்தது ஒன்பது.
மூன்று பிளேட் டெவல் சிக்கன் கழித்தாராம்.
தின்றது ஒன்று.

பின்கதவில் கோப்பை கழுவுகிற பெடியன்,
பெயர் கிங்ஸ்லி, பொகவந்தலாவை,
முழங்கை மட்டும் நுரை.
"கடைசிப் பாட்டு நல்லாதான் இருந்திச்சு அக்கா."
பிறகு நுரையைப் பார்த்துக்கொண்டே:
"ஆனா அந்தியில கொழுந்து பறிக்கிறதா பாடுறீங்க.
அந்நேரம் யாரும் மலையில நிக்க மாட்டாங்க.
தராசுகிட்டதான் நிப்பாங்க.
எங்கம்மா அங்கதான் சண்ட புடிக்கும்,
சாக்குக்குன்னு ரெண்டு கிலோ கழிக்கிறாங்கன்னு."

ஏழு வருசமாய்ப் பாடுகிற பாட்டு.
நுவரெலியாவுக்குப் பள்ளிக்கூடச் சுற்றுலா போனபோது
பஸ் யன்னலால் பார்த்தது.
ஒருத்தரும் சொன்னதில்லை.
ஒருத்தர் அழுதுகூட இருக்கிறார்.

காலி வீதியில் கடைசி பஸ்ஸும் போய்விட்டது.
ஆம்பிளிபயரை மாறி மாறித் தூக்கி நடந்தோம்.
பம்பலப்பிட்டி தாண்டும் வரை பேச்சில்லை.
ஒரு கொத்துக்கடையில் தகரம் இன்னும் தட்டுப்பட,
பிரபோத அதற்குத் தலையாட்டிக்கொண்டு வந்தான்.

'அந்தி' இருந்த இடத்தில்
'தராசு' வைத்துப் பார்த்தேன்.
தாளத்துக்கு வெளியே துருத்துகிறது.
ரெண்டு கிலோவுக்கு மெட்டே கிடையாது.
இன்னொருதரம். இன்னொருதரம்.
பாலத்தடியில் செருப்பு வார் அறுந்தது.
தார் இன்னும் சூடாக இருந்தது.

நஸ்மீர் தெருவிளக்கின் கீழ் நின்று
கொப்பியில் எழுதினான்: செருப்பு, ஒரு சோடி.
நாளைக்குக் களுத்துறை.
அங்கே எர்த் இருக்கிறதா என்று
கேட்க மறந்துவிட்டோம்.