அக்டோபர் 1957, வியாழக்கிழமைகளில்

கர்லிங் ஆடுகளத்துக்கு அடியில் இருக்கிறது எங்கள் ஊர்.
மேலே கருங்கல் வழுக்கிப் போகும்போதெல்லாம்
கோதுமைக் கிடங்குகள் லேசாக நடுங்கும்.
வெளியே, வின்னிபெக்கில், மைனஸ் முப்பத்தொன்று.
இங்கே எப்போதும் அக்டோபர் 1957,
இலை உதிர்ந்தபடியே இருக்கும், தரைக்கு வராமல்.

சுவர்க் கடிகாரம் ஆறு மடங்கு அவசரக்காரன்.
காப்பி ஊற்றிக் குடித்துவிட்டு வருவதற்குள்
மேசைமேல் அரை மணி போயிருக்கும்,
தானிய ரயில் ஒன்று
எனக்காகக் காத்து நின்று திட்டிக்கொண்டிருக்கும்.

லோவனுக்கு இருபத்தொன்பது வயது.
அவன் பிறப்பதற்கு முப்பத்தெட்டு வருடம் முன்பு ஓடிய
பெட்டியின் கதவில் எத்தனை ஆணி என்று அவனுக்குத் தெரியும்.
துருவுக்கு மட்டும் பதினோரு வண்ணப் புட்டிகள்.
"இந்தச் சிவப்பு அடுத்த வருடம்தான் வந்தது, ரூனா" என்று
என் பெட்டியைத் தண்டவாளத்திலிருந்து எடுத்து
என் உள்ளங்கையில் வைத்தான்,
செத்த எலியை வைப்பதுபோல.

ஓரெஸ்டுக்கு எழுபத்தொன்பது.
அந்த அக்டோபரில் நிஜமாகவே இருந்தவர்.
எப்படி இருந்தது என்று கேட்டால்
"கடைவாய்ப் பல் வலித்தது" என்பார்.
அவ்வளவுதான். வேறொன்றும் கிடைக்காது.
அவருக்கு வேண்டியது இன்றைய ரயில்:
கன்டெய்னர் மேல் கன்டெய்னர்,
நீலமும் மஞ்சளுமாய்க் கப்பல் கம்பெனிப் பெயர்கள்.
மூன்று முறை வாக்கெடுப்பு நடந்தது.
மூன்று முறையும் தோற்று,
ரயிலைப் பஞ்சில் பொதிந்து வீட்டுக்கு எடுத்துப் போனார்.

அனலினுக்குப் பதினொன்று.
மேசை விளிம்பு சரியாக அவள் மூக்குக்கு.
நாங்கள் எல்லாரும் ரயிலைப் பார்க்கிறோம்;
அவள் முகத்துக்கு நேராக ரயில் வருகிறது.
அடியில் கம்பி விட்டுப்போனால் அவள்தான் புகுவாள்.
போன குளிர்காலம் வரை அது என் வேலை.
பேருந்து பிரேக்கை மிதித்து மிதித்து
நாற்பத்தேழு வயதான முழங்கால்
ஒரு நாள் உள்ளேயே தங்கிவிட்டது.
மூன்று பேர் இழுத்தார்கள்.
இப்போது கொக்கி மாட்டவும் கண்ணாடி தேடுகிறேன்.

"இங்கே ஏன் பனியே விழுவதில்லை?"
இருட்டுக்குள்ளிருந்து, டார்ச்சைப் பல்லில் கடித்தபடி,
அவள் கேட்டாள்.
பல்சக்கரத்துக்கு ஆகாது என்றான் லோவன்.
பனி பார்க்கக் காசு செலவழிப்பார்களா என்றார் ஓரெஸ்ட்.
நான் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்
அதில்தான் வண்டி ஓட்டுகிறேன்.
ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் சாப்பாட்டு டப்பாவில்
சமையல் சோடா கொண்டுவந்திருந்தாள்.
ஒரே ஒரு நிலையத்தின்மேல்,
எல்லாரும் காப்பிக்குப் போன நேரம் பார்த்து.
திரும்பி வந்தபோது ஓரெஸ்ட் யாரையும் கேட்காமல்
பஞ்சைப் பிரித்துவிட்டிருந்தார்.
நீலமும் மஞ்சளும் வெள்ளைக்குள் நுழைந்தன,
அறுபத்தேழு வருடம் தாமதமாக
இல்லையென்றால் அறுபத்தேழு வருடம் சீக்கிரமாக.

லோவன் குனிந்தான்.
விளிம்பில் கன்னம் வைத்துப் பார்த்தான்.
ஒரு நிமிடம்; சுவர்க் கணக்கில் ஆறு.
பிறகு எழுந்துபோய்
தூசி உறிஞ்சியை எடுத்துவந்தான்.

பத்தரைக்கு ஊரை அணைத்தோம்.
முதல் ரயில்வே கேட்டிலேயே நிஜ ரயில்,
முடிவில்லாமல், பனிப்புழுதியைக் கிளப்பிக்கொண்டு.
என் முன்னால் லோவன், பின்னால் அனலினின் அம்மா,
அதற்கும் பின்னால் டாக்சியில் ஓரெஸ்ட்.
முன்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.
எங்கள் ஆளாக இருக்காது.

நூற்று நாற்பத்து மூன்று என்றேன், அடுத்த வியாழன்.
நூற்று இருபது வரை எண்ணித் தூங்கிவிட்டாளாம் அனலின்.
ஓரெஸ்டுக்கு எஞ்சின் மட்டும்தான் கணக்கு: மூன்று.
லோவன் எண்ணவில்லையாம்.
அவன் வருடம் இல்லையே அது.
ஆனால் கடைசிப் பெட்டியின் கதவில்
ஆணி ஒன்று குறைந்தது என்றான்.