பதினோராம் நாள், பூசியா

ஒஜாம்போவின் லாரிக்கு
இன்றும் முத்திரை விழவில்லை.
ஈரமானி பதினாலு காட்டியதாம்.
அரைப் புள்ளிக்காக
ஆறு லாரி நிற்கிறது.

அமைச்சர்கள் கைகுலுக்கும் படம்
சுங்கச்சாவடிச் சுவரில்,
பசைகூடக் காயவில்லை.

ராத்திரி மழை வேறு.
தார்ப்பாய்க் கிழிசலுக்குக் கீழே
ஒரு மூட்டை
முளைவிடத் தொடங்கிவிட்டது.

சக்கரங்களுக்கு இடையே சிந்தியதை
நான்தான் பெருக்குகிறேன்.
கல் பொறுக்கி
தகரத்தில் உலர்த்தி
மாவாக்கிக் கிளறினால்
அந்தப் பக்கத்தாருக்கு உகாலி,
எங்களுக்குப் போஷோ.
துடுப்பு ஒன்றுதான்.

மதியம்
சீட்டில் ‘நிராகரிப்பு’ என்று எழுதுகிறவர்
சாப்பிட வந்தார்.
இரண்டு தட்டு.
“நல்ல சோளம். எங்கே வாங்கினாய்?”

ஒஜாம்போ
பக்கத்து மேசையில்
மீன் முள்ளைப் பார்த்தபடி இருந்தான்.

மீதிச் சில்லறையை
அவர் நாட்டுக் காசாகவே பொறுக்கி
எண்ணிக் கொடுத்தேன்.