பின்னிருக்கைக்குக் கியர்

நவம்பரில் வந்தார்கள் கணவனும் மனைவியும்,
இருவர் மிதிக்கும் சைக்கிள் ஒன்று வேண்டுமென்று.
கொக்ரா ஆறு பள்ளத்தில் இரைந்தோடும்
கிரான் நகரில், பழைய செருப்பு ஆலையின் பின்புறம்
என் பட்டறை.

முன்னிருக்கை தனக்கென்று
அளவெடுக்கும் முன்பே சொல்லிவிட்டான் ரோக்.
கால் அகட்டி நின்றான்: கவட்டுக்குக் கீழ் எண்பத்தெட்டு.
நெவெங்காவுக்கு எழுபத்தாறு.
பிறகு இரண்டு மணி நேரம் பாகங்களைப் பற்றிய பேச்சு,
பேச்சு என்றால் அவன் பேச்சு.
எடை குறைந்த கிராங்க், கறுப்பு ரிம்,
பின்சக்கரத்துக்கு நாற்பது ஆரங்கள்,
நீள இறக்கங்களுக்கு ஒரு டிரம் பிரேக்.
அவள் கேட்டது ஒரு மணி.
"பின்னால் இருக்கிறவளுக்கு மணி எதுக்கு?"
குறிப்பேட்டில் மணி என்று எழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.
அந்தக் குறிக்காக என்மேல் இன்னும் எனக்குக் கோபம்.

ஜனவரி முழுக்கக் குழாய் அறுத்தேன்.
முனைகளை அரத்தால் மீன்வாயாகத் தேய்த்து
இணைப்பில் ஒரு தாள்கூட நுழையாதபடி பொருத்தி,
வெண்காரம் பூசி, நெருப்புக் காட்டி,
இரும்பு செர்ரிப்பழ நிறத்துக்கு வரும் கணத்தில்
பித்தளைக் கம்பியை வைத்தால்
கேட்காமலே உள்ளே ஓடும்.
ஒரு மூச்சு தாமதித்தால் இரும்பு வெந்துபோகும்.

பிப்ரவரியில் ரோக்கின் தொலைபேசி.
பிரிந்துவிட்டார்களாம். வேலையை நிறுத்தச் சொன்னான்.
முன்பாதிக்கு உண்டான பணத்தை மட்டும்
திருப்பித் தர முடியுமா என்றான்.
முன்பாதி எங்கே முடிகிறது என்று
கிரைண்டரும் கையுமாய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகு அதைச் சுவரில் மாட்டினேன்.
நீளம் அதிகம். கதவு முழுதாய்த் திறக்கவில்லை.

ஏப்ரலில் அவள் வந்தாள். கூடவே தம்பி,
கதவில் இடித்துக்கொண்டு.
"இதுதானா?" என்று அதைத் தடவினான்.
வரி அலுவலகத்தில் வேலை. பெயர் வித்.
எங்கள் மொழியில் அதற்குப் பார்வை என்று அர்த்தம்.
"ஞானஸ்நானத்துக்குப் பிறகுதான் தெரிந்ததாம்,
பெயரை மாற்ற மனு போட வேண்டும், அதற்குக் கட்டணம் உண்டு"
என்று அவனே முதலில் சிரித்தான்.

இனி குட்டை முன்னால், நெட்டை பின்னால்.
பாதிக்கு மேல் அறுத்தெறிய வேண்டியிருந்தது.
அறுத்தேன்.

பாகங்களைக் காதால் தேர்ந்தெடுத்தான்.
ஹப்புகளை ஒவ்வொன்றாய்ச் சுழற்றிக் கொடுத்தேன்.
"இது தையல் மிஷின்.
இது வண்டு, பரவாயில்லை.
இது வேண்டாம், பாக்கி வைத்திருப்பவன் மூச்சு மாதிரி இருக்கிறது."
வண்டையே எடுத்தோம்.
பிரேக் இரண்டும் அக்காவுக்கு, அதில் பேச்சில்லை.
கியர் தனக்கு வேண்டும் என்றான்.

சாலையைப் பார்க்கிறவர் கையில்தான் கியர் இருக்கும்,
வழக்கம் அது என்றேன்.
"பார்க்கிறவர்கள் ஏற்றத்தைக் கண்டதுமே
கியரைக் குறைத்துவிடுகிறார்கள்.
எனக்கு அது காலுக்கு வந்தால்தான் ஏற்றம்."

நெவெங்கா என்னைப் பார்த்தாள்.
நான் கேபிள் சுருளைப் பார்த்தேன்.
பின்னால் வைத்தால் ஒரு மீட்டருக்கு மேல் மிச்சம்.

"மணி?" என்று கேட்டேன்.
"அவனுக்கு" என்றாள்.
இந்த முறை குறி எதுவும் போடவில்லை.

ஜூனில், யெஸெர்ஸ்கோ சாலையில் முதல் ஓட்டம்.
தள்ளாடி, ஒரு பக்கம் சாய்ந்து, அவள் கத்தி,
பிறகு நான்கு கால்களும் ஒரு கணக்குக்கு வந்தன.
ஏற்றத்தில் கியர் மாறும் என்று காத்திருந்தேன்.
மாறவில்லை.
மாறவில்லை.
பிறகு, சரியான இடத்தில், ஒரு சொடுக்கு.

வளைவில் அவர்கள் மறைந்த பின்
மணி இருமுறை அடித்தது.
சாலையில் வேறு யாருமில்லை.

திரும்பி வந்து, அறுத்த எண்பத்தெட்டின் துண்டுகளைப்
பழைய இரும்புப் பெட்டியில் போட்டேன்.
கிலோவுக்கு இருபது சென்ட் கொடுக்கிறார்கள்.
கதவு இப்போது முழுதாய்த் திறக்கிறது.